அண்ணன் இருந்த ஊர்

இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் சட்டையிலிருந்து குப்பென்று ஆவி எழுந்தது. மூன்று நாள் கொடியில் தொங்கியும் காயாத சட்டை. காலரை இழுத்துப் பிடித்து அவள் மறுபடி தேய்த்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அண்ணனைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி உடுப்போடு அவனை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

அண்ணனின் கட்டிலில் கிடந்த போன் மூன்றாவது முறையாக அடித்தது. ஊரிலிருந்து அக்கா. என்ன கேட்பாள் என்று தெரியும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டுக் கைப்பக்கத்தைத் திருப்பிப் போட்டாள்.

வாசலில் ஸ்பானர் நின்றிருந்தார். அண்ணனோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். அந்தப் பட்டப்பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

"ஊருக்குக் கொண்டுபோக வேன் சொல்லி வெச்சிருக்கேன் தங்கச்சி. ரோட்டுல தண்ணிதான், சுத்துவழியாப் போயிடலாம். இங்கயே முடிக்கறதுன்னாலும் சரி. நீங்க சொல்றதுதான்."

நான்கு நாளைக்கு முன் அவள் வந்து இறங்கியபோதும் இதே மழைதான். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள். எந்த ஊருக்கு எந்தப் பை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஓர் ஊரையும் போய்ப் பார்த்ததில்லை. அண்ணன் இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனவன். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று நாற்பது வருடத்தை ஓட்டிவிட்டான். ஊருக்கு வந்தால் வந்ததும் வராததுமாக ஒழுகும் குழாயைத் தேடிப் போவான். வீட்டுக்கு வந்தானா, ரிப்பேருக்கு வந்தானா என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

வார்டில் அவளைக் கண்டதும், மழையையும் கையோடு கூட்டிவந்துவிட்டாயா என்று கேட்டான். உடம்பு பாதியாகியிருந்தது, வாய் மட்டும் குறையவில்லை. டாக்டர் அவளைத் தனியே அழைத்து, இனி நாள் கணக்குதான் என்றார்.

மறுநாள் மத்தியானம் பார்க்க வந்தவர்களை நர்ஸ் வெளியே அனுப்பியபோது, வராண்டாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அண்ணன் விடவில்லை. பஸ் நம்பர் சொல்லி, மணிக்கூண்டில் இறங்கச் சொல்லி, ஊரைப் பார்த்துவிட்டு வா என்றான். ஊர் சுற்றவா வந்தேன், உன்னைப் பார்க்கத்தானே வந்தேன் என்று அவள் சடைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாக்க வந்தவ, நான் இருந்த இடத்தப் பாக்க வேணாமா?"

இருக்கிற என்று சொல்லவில்லை, இருந்த என்றான். அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்படியொரு நெரிசலை அவள் கண்டதில்லை. குடையோடு குடை இடித்துச் சண்டை போட்டது. கீழே இருந்த மனிதர்கள் போடவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசர்கள் நடந்தார்கள். மேம்பாலத்தின் அடியில் நூறு பைக்குகள் ஒதுங்கியிருக்க, முன்பின் தெரியாதவர்கள் ஒரே பொட்டலத்துக் கடலையைப் பகிர்ந்து தின்றார்கள். மணிக்கூண்டுக்கு எதிர்க் கட்டடத்தின் லிஃப்டில், மாதாமாதம் சரிபார்த்ததற்கான அட்டை தொங்கியது. கீழே அண்ணனின் கையெழுத்து. பள்ளிக்கூட நோட்டு அட்டையில் அவளுக்குப் பெயர் எழுதித் தந்த அதே கை, அதே வால் சுழி. காரியமே இல்லாமல் பன்னிரண்டாவது மாடி வரை இரண்டு தடவை போய் வந்தாள்.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் அவனிடம் ஒப்பித்தாள். சின்ன வயதில் மழைக்காலத்தில் சைக்கிள் முன்கம்பியில் அவளை உட்காரவைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, தான் நனைந்துகொண்டு பள்ளிக்கு ஓட்டுவான். தாளுக்குள் ஒன்றும் தெரியாது. இப்போது பாலம், இப்போது மரக்கடை, அதோ நாய் துரத்துகிறது, காலைத் தூக்கு என்று அவன் சொல்லிக்கொண்டே வருவான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த நினைப்பே வந்தது.

இன்று காலையும் அப்படித்தான். சுரங்கப்பாதைத் தண்ணீரில் பஸ் நின்றுபோனதையும், பயணிகள் இறங்கித் தள்ளியதையும், டிரைவர் தலைக்குக் கண்டக்டர் குடை பிடித்ததையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றான்.

அப்புறம் பஸ் கிளம்பியதை, தள்ளியவர்களை விட்டுவிட்டே கிளம்பியதை, அவர்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடியதைச் சொன்னாள். சிரிப்பான் என்று பார்த்தாள். நர்ஸ் வந்து அவள் தோளைத் தொட்ட பிறகும் மீதியைச் சொல்லி முடித்தாள்.

தேய்த்த சட்டையை மடித்துக்கொண்டு படியிறங்கினாள். படிக்குப் படி மடக்கிய குடைகள் சாய்ந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் காலை வைக்க வழியில்லை. காவலாளிகள், ஹோட்டல் சமையல்காரர், நாலைந்து மெக்கானிக்குகள், பெயர் தெரியாத குடும்பங்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு முதிய பெண் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"போஸ்ட் ஆபீஸ் தங்கச்சிதானே? நான் ஒருக்கா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். அரை மணி நேரம். நான் பயப்படக் கூடாதுன்னு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு உங்களப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு."

போன் மறுபடி அடித்தது. இம்முறை எடுத்தாள்.

"தம்பியக் கூட்டிட்டு வந்துடு," என்றாள் அக்கா. "யாருமில்லாத ஊர்ல அநாதையா விட்டுட்டு வராத."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இங்கயே முடிச்சுடறேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

"நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

மின்தகன மேடையில் எல்லாம் முடிந்தபோது மணி ஐந்து. வண்டியில் கொண்டுவிடுவதாக ஸ்பானர் சொன்னதற்கு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். நிறுத்தத்தில் கூரை ஓரம்வரை ஆட்கள். கைக்குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்து, பெரிய மார்க்கெட்டுக்கு இந்த பஸ் போகுமா என்று கேட்டாள்.

"இது போகாது. பின்னாடி வர்றது போகும்," என்றாள் அவள்.

பிறகு சற்று நகர்ந்து, தன் ஒரு தோள் மழையில் நனைய, பிள்ளையோடு வந்தவளுக்கு இடம் விட்டாள்.