வேர் விட்ட கணவர்

1

இந்தக் கதையை நான் யோசித்தெல்லாம் பிடிக்கவில்லை. துணி உலர்த்த மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கொல்லையில் தலையில் இலை முளைத்த ஓர் ஆள் நின்றான். எட்டிப் பார்க்காமலிருக்க நான் என்ன கல்லா?

‘அதிகாலைச் சூரியன் சிற்பியின் விரல்களை’

(அழித்துவிட்டேன். எட்டு மணிக்கு முன்னால் அவள் எழுந்ததே இல்லை.)

2

பக்கத்து வீட்டுக்காரிதான் சிற்பி. மரக்கொம்பு, மண், நார், இவைதான் அவள் சாமான்கள். பதினோரு வருஷம் விண்ணப்பித்து இப்போதுதான் பெரிய கண்காட்சியில் இடம் கிடைத்தது. புருஷனை முன்னால் நிறுத்தி, கொம்புகளை வளைத்துப் பின்னி ஆளுயரச் சிலை செய்தாள். பெயர், ‘மண்ணை விட்டுப் போன மனிதன்’.

காய்ந்தது ஒடியுமென்று பச்சைக் கொம்பாக வெட்டிவந்தாள். சாயாமலிருக்க இரண்டு காலையும் கணுக்கால்வரை ஈர மண்ணில் புதைத்தாள். (உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று.)

சிலைக்குத் தலை நிறையத் தளிர். புருஷனுக்கோ வழுக்கை.

“எனக்கில்லாத முடி அவனுக்கெதுக்கு? கத்தரிச்சு விடு.”

“பொறாமைப்படாதீங்க. அவனாவது வாயை மூடிக்கிட்டு நிக்கிறான்.”

(நிஜத்தில் அவர் இவ்வளவு பேசுவாரா என்று எனக்கே சந்தேகம். இருக்கட்டும்.)

3

இன்று காலை கண்காட்சிக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. லாரிக்காரர் சிலையை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

“வேர் புடிச்சிருச்சும்மா. கணுக்காலோட அறுத்துரலாமா? பன்னெண்டு மணிக்கு அங்க கதவைச் சாத்திருவாங்க.”

“மண்ணை விட்டுப் போனவன்னு பேர் வச்சேன். போக மாட்டேங்கிறானே!” அவள் சிரிக்கத்தான் பார்த்தாள்.

(தோண்டி எடுக்கலாமே என்கிறீர்களா? வேர் தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருக்கிறது. குழாய் உடைந்தால் என் வீட்டுக்கும் தண்ணீர் வராது. கதைக்காகக்கூட அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.)

4

முடிவு ஒன்று: அறுக்கிறாள். கண்காட்சிக் கூடத்தில் கைதட்டல். நாலாம் நாள் தளிரெல்லாம்

(எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: லாரி வெறுமனே திரும்புகிறது. பதினோரு வருஷமும்

(இதுவும் வரவில்லை.)

முடிவு மூன்றைக் கணவரே சொன்னார்: “பேசாம நான் போய் நிக்கிறேனே?”

“பேசாமத்தான் உங்களால நிக்க முடியாதே!”

மணி பதினொன்றேகால். ரம்பம் சிலையின் காலடியில் கிடக்கிறது. லாரிக்காரர் இன்ஜினை அணைக்கவில்லை. மூன்று பேரும் நிமிர்ந்து மாடியில் நிற்கும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.

சட்டென்று சொல்லுங்கள். நீங்கள் யோசிக்க யோசிக்க வேர் இறங்கிக்கொண்டே இருக்கிறது.