ஆயிரத்து முந்நூறு கிராம்

என் மகள் இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள். எடை ஆயிரத்து முந்நூறு கிராம். மலாவி ஏரியில் இதைவிடப் பெரிய மீன்களை ‘வளர்ந்து வா’ என்று திருப்பி விட்டிருக்கிறேன்.

மனைவி எசினாத்தி அறுவை சிகிச்சை முடிந்து பக்கத்து வார்டில் எழ முடியாமல் கிடந்தாள். குழந்தைகள் வார்டில் இருந்த ஒரே சூட்டுப்பெட்டியில் ஏற்கெனவே மூன்று குழந்தைகள். தடாலா சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சட்டையைக் கழட்டுங்க, அண்ணே.”

“எதுக்கு சிஸ்டர்?”

“பெட்டி நீங்கதான்.”

குழந்தையை என் மார்பில் தவளைக்குட்டி போல ஒட்டவைத்து, எசினாத்தியின் பூப்போட்ட சித்தேஞ்சேத் துணியால் இறுக்கிக் கட்டினார். எங்கள் கரையில் பெண்கள் இடுப்பில் சுற்றும் அந்தத் துணியை ஆண் கட்டினால் அவனை வலை இழுக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். எதிர்க்கட்டில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்கினார்கள்.

“ராத்திரி பகல் இப்படியேதான். இறக்கி வைக்கக் கூடாது.”

மதிய வெயிலில் கண் செருகியது. மார்பின்மேல் ஒரு மூச்சு, சிற்றலை வந்து வந்து படகைத் தொடுவது மாதிரி. கட்டில்கள் எல்லாம் மெல்ல ஏரிக்குள் மிதந்து போயின. இருபது வருடம் மீன் பிடித்தவன் நான். அன்றைக்குத்தான் ஒன்று என்னைப் பிடித்து வைத்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே படகுக் கூட்டாளி ஃபனிசோவின் குரல்.

“டேய் லமெக்கு! வெளிய வாடா, வறுத்த மீன் கொண்டாந்திருக்கோம்!”

மானம் என்கிற பழைய வியாதி எனக்கு உண்டு. தூங்குகிறாளே, ஐந்து நிமிடம்தானே என்று முடிச்சை அவிழ்த்தேன். அவளுடைய கம்பளித் தொப்பியைச் சரிசெய்து, கட்டிலில் கிடத்தி, சட்டை மாட்டிக்கொண்டு ஆம்பிளையாக வெளியே போனேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் அரைமணி ஆனது.

திரும்பி வந்து பாதத்தைத் தொட்டேன். அந்தக் குளிர்ச்சியை என் கைக்குத் தெரியும். படகின் அடியில் கிடக்கும் மீனின் குளிர்ச்சி. மார்பு அசையவில்லை.

“சிஸ்டர்!”

தடாலா ஓடிவந்து முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். மூக்கின்மேல் குட்டி முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினார். சிரித்த பெண்களில் ஒருத்தியும் இப்போது அசையவில்லை. எத்தனை அமுக்கு என்று எண்ண எனக்கு வரவில்லை. பிறகு ஒரு பூனைக்குட்டிச் சிணுங்கல்.

“இத்துனூண்டு உடம்புக்குச் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியாது, அண்ணே. சில்லிட்டுப்போனா மூச்சு விடவே மறந்துடும். சட்டை அவ்வளவு அவசரமா?”

சட்டையைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். இம்முறை முடிச்சை நானே போட்டேன், படகைக் கரையில் கட்டும் முடிச்சு.

அவள் கதகதப்பாகி, சிஸ்டரும் தலையாட்டிய பிறகு, மாலையில் எசினாத்தியிடம் காட்டச் சுமந்து போனேன். வராந்தா வழியாக, கூட்டாளிகளின் நடுவே, பூப்போட்ட துணியோடு.

“லமெக்கு, உனக்கு எப்படா பிரசவம்?” என்றான் ஃபனிசோ.

“இன்னும் ரெண்டு மாசம் இருக்குடா. மெதுவாப் பேசு, உதைக்கிறா.”

உண்மையிலேயே உதைத்தாள்.