நடிப்பு என்று சொன்னவர்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த மனிதருக்குத் திரைப்பட விழா வட்டாரத்தில் ‘மைக்’ என்று பட்டப்பெயர். படம் முடிந்து, இயக்குநர் மேடையேறி, “ஏதாவது கேக்கணுமா?” என்று வாயெடுப்பதற்குள் இவர் கை உயர்ந்திருக்கும். கேள்வி என்பது பேச்சுக்குத்தான். கேட்பதைவிடச் சொல்வதுதான் அதிகம். விழா நடக்கும் வாரத்தில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கழுத்தில் விழா அனுமதி அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த வருஷம் மனைவியின் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். “படம் பாக்க ஒரு வாரம் கடைக்கு லீவா மாமா?” என்று வீட்டுக்கு வந்தபோதெல்லாம் குத்திக் காட்டுகிறவன். நாலு பேர் தன்னை மதிப்பதை அவன் ஒருமுறை கண்ணாரப் பார்க்கட்டும் என்று இவருக்கு ஆசை.

காலைப் படத்தை டீ ஸ்டாலில் நின்று பிரித்து மேய்ந்துகொண்டிருந்ததில் அடுத்த படம் தொடங்கிவிட்டது. இருவரும் இருட்டில் நாலைந்து பேரின் காலை மிதித்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விழாக் கையேட்டையும் அவர் புரட்டியிருக்கவில்லை. கதையைத் தெரிந்துகொண்டு படம் பார்க்கிறவன் ரசிகனே இல்லை என்பது அவர் கட்சி.

திரையில் ஒருவர் நோயில் கிடந்தார். மனைவி கஞ்சி ஊட்டினாள், படுக்கை விரிப்பு மாற்றினாள். கேமரா ஆடியதையும் பேச்சு பாதி கேட்காததையும் இவர் உத்தி என்று எடுத்துக்கொண்டார். பிறகு அவர் இறந்துபோனார். மனைவி பீரோவைத் திறந்து, அவருடைய சட்டை ஒன்றை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டு கதறினாள். அரங்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். இவருக்கு மட்டும் ஏதோ இடறியது.

விளக்குகள் எரிந்தன. இளைஞனான இயக்குநர் மேடையேறினான். மைக் இவர் கைக்கு வந்தது.

“படம் நல்லா இருக்கு தம்பி. ஆனா அந்தச் சட்டையை வெச்சு அழற சீன்ல கோட்டை விட்டுட்டீங்க. அந்தம்மா நடிப்பு கொஞ்சம் ஓவர். அழறதுக்கு முன்னாடி கேமராவை ஒரு பார்வை பாக்கறாங்க. துக்கத்துல இருக்கறவங்க அப்படியா அழுவாங்க? யாராவது நல்ல நடிகையா போட்டிருக்கலாம்.”

மைத்துனன் பக்கம் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

இயக்குநர் தன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

“சார், இது கதைப்படம் இல்ல. செத்துப்போனது எங்கப்பா. அழுதது எங்கம்மா. அதோ, முன்னாடி உக்காந்திருக்காங்க.”

அரங்கமே திரும்பி இவரைப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ “தூ” என்றார்கள். முன்வரிசையில் ஒரு நரைத்த தலை அசையாமல் குனிந்திருந்தது. மைக்கை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் இவர் நாற்காலியில் வைக்க, அது உருண்டு விழுந்து அரங்கம் முழுக்க அலறியது. மைத்துனன் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

கூட்டம் கலையட்டும் என்று கழிப்பறையில் போய் நின்றுகொண்டார். வெளியே வந்தபோது தண்ணீர்க் குழாயருகே அந்த அம்மா தனியாக நின்றிருந்தாள். ஓடவும் முடியவில்லை.

“அம்மா, மன்னிச்சுடுங்க. நான் லேட்டா வந்தேன். ஒண்ணும் தெரியாம வாய்க்கு வந்ததை உளறிட்டேன்.”

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“நான் கேமராவைப் பாத்தது அவ்வளவு தெரியுதா?”

இவர் பார்வையைக் குழாய்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நெஜமா அழுதப்போ அவன் கேமராவுல சார்ஜ் இல்ல. நாலு நாள் கழிச்சு வந்து, அம்மா அதே மாதிரி இன்னொரு தடவைன்னு நின்னான். எனக்கு வரவே இல்ல. அவன் மூஞ்சியப் பாத்தேன். அவனுக்கும் அப்பா போயிட்டாருதானே, இதையாவது செஞ்சு கொடுப்போம்னு அழுதுவெச்சேன்.” அவள் குரல் இறங்கியது. “அதுக்கப்புறம் அந்த மனுஷனுக்காக எனக்கு அழுகையே வரலீங்க. அழ ஆரம்பிச்சாலே, நடிக்கிறேனோன்னு தோணுது. வெக்கமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

தான் சொன்னது சரி என்று தெரிந்ததும் அவருக்குள் ஒரு கணம் குப்பென்று சந்தோஷம் எழுந்தது. மறுகணம் அந்தச் சந்தோஷத்தை நினைத்துத் தன்மீதே அருவருப்பு வந்தது. அரங்கத்தில் பட்ட அவமானம் இதற்கு முன்னால் தூசு. “சொல்ல மாட்டேம்மா” என்றார்.

வீட்டில் மைத்துனன் அரங்கத்தில் நடந்ததை அக்காவிடம் நடித்தே காட்டினான். அவள் சிரிக்கவில்லை. “புருஷனைப் பறிகொடுத்தவ அழுகைக்குமா மார்க் போடுவீங்க?” என்றாள். நான் சொன்னது சரிதான்டி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினார். “தப்புதான்” என்றார்.

மறுநாள் விழாவுக்குப் போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனார். டீ ஸ்டாலில் தெரிந்தவர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். இயக்குநர் அம்மாவோடும் நண்பர்களோடும் அங்கே இருந்தான். இவர் நேராகப் போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

“தம்பி, நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோங்க.”

இயக்குநர் பெருந்தன்மையாக இவர் தோளில் கை வைத்தான். “பரவாயில்ல சார். நெஜமான அழுகையை நம்பறதுக்கும் ஒரு மனசு வேணுமில்லையா?”

நண்பர்கள் தலையாட்டினார்கள். அந்த அம்மாவின் கையிலிருந்த டீ தளும்பி விரலில் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை, தலையும் நிமிரவில்லை.

“ஆமா தம்பி” என்றார் அவர். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.