நாக்கில் வைத்த உப்பு

மேரிசெல்வி வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷமாக மரக்காணம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கு இதைவிட வசதியான உதாரணம் வேண்டுமா? பிள்ளைகள் சயின்ஸ் குரூப் வேண்டும் என்று அடம்பிடித்தால், பெற்றவர்கள் அந்தக் கடைப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்கள். தினமும் ஊர் வாயில் விழுந்து எழுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

வீட்டிலும் அந்த உதாரணம் வேலை செய்தது. தங்கை பொன்னி பத்தாவது பாஸ் செய்திருந்தாள். அவளுக்கும் சயின்ஸ்தான் வேண்டும். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அப்பா ஆரோக்கியராஜ், சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு அக்காவுக்குப் பாண்டிச்சேரில இன்டர்வியூ. அவள எடுத்துக்கிட்டா நீ சயின்ஸ். இல்லன்னா காமர்ஸ். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். இனிப் பொன்னியின் படிப்பும் தன் தலையில் என்று மேரிசெல்விக்குத் தெரிந்தது. காலையில் அவள் பஸ் ஏறும்போது பொன்னி தெருமுனை வரை வந்து, பையைத் தூக்கிக் கொடுத்தாள். அவள் எதையாவது சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அது ஒரு மருந்துக் கம்பெனி. சோதனைக்கூடத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வந்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. எழுத்துத் தேர்வை மேரிசெல்வி ஒரு கை பார்த்துவிட்டாள். அடுத்துச் செய்முறை. லேப் பொறுப்பில் இருந்த ரேணுகா மேடம், மேசைமேல் மூன்று கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். மூன்றிலும் வெள்ளைத் தூள்.

"இதுல சோடியம் குளோரைடு எதுன்னு கண்டுபுடிங்க. வேண்டியதெல்லாம் அங்கயே இருக்குது."

சோதனைக் குழாய், வெள்ளி நைட்ரேட், காய்ச்சி வடித்த தண்ணீர், எல்லாம் இருந்தன. ஒரு சொட்டு விட்டால் முடிகிற வேலை. கல்லூரியில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

ஆனால் அவள் உப்பளத்துப் பெண். அளத்தில் உப்பு வாரிக் குவித்ததும் வழியில் போகிறவர் யாரானாலும் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்பில் ஒட்டியிருக்கும் கசப்புத் தண்ணீர் சரியாக வடிந்ததா என்று நாக்குதான் சொல்லும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைச் செய்தவள் அவள். நடுத்தட்டில் இருந்த தூள் கொஞ்சம் பெரிய மணியாக, பளபளவென்று இருந்தது. விரல் அதைத் தொட்டது. தொட்ட விரல் நேரே நாக்குக்குப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரெல்லாம் அழும். இவளுக்கு வாய்க்கு எட்டியதுதான் வினையாயிற்று.

"என்ன பண்றீங்க?" ரேணுகா மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல வாயக் கொப்புளிங்க."

கொப்புளித்துவிட்டு வந்து நின்றாள்.

"அது உப்புதான். வேற ஏதாவதா இருந்திருந்தா? இங்க அலமாரி பூரா விஷம்மா. பேப்பர்ல உங்களுக்குத்தான் அதிக மார்க். ஆனா வாயில வெக்கிறவங்கள நான் லேப்புக்குள்ள விட முடியாது."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதனாலேயே மேரிசெல்விக்குத் தன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மார்க்கில் இவளுக்கு அடுத்தடுத்து வந்த பிரம்மதேசத்துப் பெண் ஒருத்தியையும் ஒரு பையனையும் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்வரை வீட்டில் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். 'ஆள் எடுக்கலையாம்' என்றால் போதும். ஊரே நம்பும், ஏற்கெனவே நம்பிக்கொண்டுதானே இருக்கிறது? உண்மையைச் சொன்னால் நாளைக்கு அளம் முழுக்கச் சிரிக்கும். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால், சயின்ஸ் படித்தால் வேலையே இல்லை என்று ஆகி, பொன்னியின் வாசலைத் தானே அடைத்த மாதிரி ஆகும்.

வீட்டில் அப்பா கைகால் கழுவிக்கொண்டிருந்தார். பொன்னி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"எடுக்கலப்பா."

பொன்னி உள்ளே திரும்பினாள்.

"இருடி," என்றாள் மேரிசெல்வி. "வேலை இருந்துச்சுப்பா. ரெண்டு பேர எடுத்தாங்க. பரீட்சையில நான்தான் ஃபர்ஸ்ட். லேப்ல தட்டுல இருந்ததை எடுத்து நாக்குல வெச்சுட்டேன். அங்க அப்படிச் செய்யக் கூடாது. தெரிஞ்சிருந்தும் செஞ்சுட்டேன்."

ஆரோக்கியராஜ் சொம்பைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை.

"படிப்புல குறை ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா."

"அப்ப தப்பு நீ பண்ணது. அதுக்கு இவ எதுக்குக் காமர்ஸ் எடுக்கணும்?"

சொன்ன சொல்லை மாற்றி அவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். மேரிசெல்விக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தன் கதை இத்தோடு முடிந்தது என்றும் தோன்றியது. இனிக் கல்யாணப் பேச்சை எடுப்பார். அதற்கும் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"இவ படிச்சு முடிக்க இன்னும் எத்தினி வருஷம் ஆவுமோ. அதுவரைக்கும் நீ ரீசார்ஜ் போட்டுக்கினா இருப்ப? அடுத்த இன்டர்வியூ எங்க?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.