இரு கால்களிலும் ஒரே பாரம்

சனிக்கிழமை காலையில் முகம் மழித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு ஒரு மனிதர் டூங்கபி ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போனால் அவருடைய மனைவி என்ன நினைப்பாள்? பழைய கிரேக்கச் சிற்பங்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் படிக்கப் போவதாக என் கணவர் அருந்தவன் சொன்னார். பத்து வார வகுப்பு. நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில்.

அவருக்குக் கராஜ் கதவு பொருத்துகிற வேலை. பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு புத்தகத்தை முடித்து நான் கண்டதில்லை. இதைப் பக்கத்து வீட்டுப் பவளம் அன்ரியிடம் சொன்னது என் பிழை.

"எங்கட பிள்ளையாரைப் பாக்கவே ஆளை இழுத்துக்கொண்டு போகவேணும். கிரேக்கன்ர கோயிலுக்கு மட்டும் தானா எழும்பிப் போறாரோ?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் வரும், அதை நம்பவேண்டி வரும். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்து காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டேன். நான் வரவேற்பில் இருக்கும் பல் வைத்தியசாலையில் மதிய இடைவேளை அரை மணித்தியாலம். சாண்ட்விச்சைக் கடித்தபடி காரிலேயே இருந்து படித்தேன்.

விருப்பமில்லாமல் படித்தாலும் சில படங்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. கிரேக்கர்கள் முதலில் செய்த இளைஞர் சிலைகள் எல்லாம் ஒரே மாதிரி. இடது கால் ஒரு எட்டு முன்னால், கைகள் உடம்போடு, விரல்கள் பொத்தியபடி. உடம்பின் பாரம் இரு கால்களிலும் சமம். உதட்டில் மட்டும் காரணமில்லாத ஒரு சிரிப்பு. நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் ஒரு சிற்பி பாரத்தை ஒற்றைக் காலுக்கு மாற்றுகிறான். மற்ற முழங்கால் தளர்கிறது, இடுப்பு ஒரு பக்கம் உயர்கிறது, தலை சற்றுத் திரும்புகிறது. சிரிப்பும் போய்விடுகிறது.

பிறகு விசாரணை தொடங்கினேன். இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே, அந்தக் கோயில் தூண்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராமே என்று வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன். அவர் தலை நிமிர்த்தாமல், நேராகத் தெரிவதற்காகத்தான் நடுவில் கொஞ்சம் உப்பலாகச் செய்தார்கள் என்றார். அடுத்த வாரம் சிலைகள் வெள்ளை நிறந்தானே என்றேன். வர்ணம் பூசித்தான் வைத்தார்கள், காலப்போக்கில் போய்விட்டது என்றார். எல்லாம் சரி. இவ்வளவு சரியாகச் சொல்கிறவர் ஆயத்தம் பண்ணிக்கொண்டுதான் வருகிறார் என்று எனக்குப் பட்டது.

சட்டைப் பைகளையும் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் மடித்த ஒரு தாள், அதில் பென்சில் படம். ஆறாவது வாரத் தாளை மற்றவற்றோடு மேசையில் பரப்பினேன். ஆறிலும் அதே பழைய, விறைத்த இளைஞன். வகுப்பு இந்நேரம் தூண்களையும் கூரைகளையும் தொட்டிருக்கும். அப்படியானால் இவர் முதல் வாரம் மட்டுந்தான் போயிருக்கிறார். மிச்சச் சனிக்கிழமைகள் யாருடையவை?

ஏழாவது சனிக்கிழமை அவருக்கு அடுத்த ரயிலில் நானும் போனேன்.

அருங்காட்சியகத்தின் உள்ளறையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கோயிலின் சிறிய மாதிரி உருவத்தைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியை கூரையின் முக்கோணத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தேன். என் கணவர் அதில் இல்லை. எனக்கு அப்போது வந்தது துக்கமில்லை. நான் நினைத்தது சரி என்ற நிறைவு. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது வாசலுக்குப் பக்கத்துச் சிறிய அறையில் அவரைக் கண்டேன். அந்தப் பழைய இளைஞன் சிலை ஒன்றின் சாந்து வார்ப்புக்கு முன்னால் தனியே நின்றார். கைகள் உடம்போடு, விரல்கள் பொத்தியபடி. ஒருவருக்கொருவர் கண்ணாடி மாதிரி இருந்தார்கள்.

"வந்திட்டீரோ," என்றார் திரும்பாமலே. "போன கிழமையே வருவீர் எண்டு பாத்தனான்."

வகுப்புக்குப் போகவில்லையா என்று கேட்டேன். போவதாகவும், கடைசி அரை மணித்தியாலம் மட்டும் இங்கே வந்துவிடுவதாகவும் சொன்னார். என் கேள்விகளுக்காகவே இப்போது கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கிறதாம். பிறகு சிலையைப் பார்த்தபடியே பேசினார்.

அது ஊரில் யுத்த காலம், அவருக்குப் பதினெட்டு வயது. இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்து, பெடியன்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கையை ஆட்டக்கூடாது, காலை மாற்றக்கூடாது. ஜீப்பில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க, முகத்துக்குச் சாக்குப் போட்ட ஒரு தலையாட்டி. யாரைப் பார்த்து அவன் தலையை ஆட்டுகிறானோ அவனைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"முகத்தை நல்லா வைச்சிரு எண்டு பக்கத்தில நிண்ட சிறி சொன்னவன். நான் இந்தச் சிலைப் பெடியனை மாதிரித்தான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். தலையாட்டி சிறிக்குத் தலையை ஆட்டினவன். எனக்கு ஆட்டேல்லை."

உள்ளறையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் உனக்கு மட்டும் ஆட்டேல்லை எண்டு சிறியின்ர அம்மா கேட்டவ. பிறகு ஊரே கேட்டது. நீரும் கேப்பீர் எண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

வேறொரு பெண் இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அழுதிருப்பேன், தங்கை வீட்டுக்குப் போயிருப்பேன். இதற்கு என்னிடம் ஆயத்தம் ஒன்றுமில்லை. இத்தனை வாரமாகக் கேள்வி கேட்டுப் பழகிய வாய் மட்டுந்தான் இருந்தது. அந்தக் கேள்வி, அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது. ஏன் உங்களுக்கு ஆட்டவில்லை? சாக்குக்குள் இருந்தவனை உங்களுக்குத் தெரியுமா?

இப்போது அவர் என் பக்கம் திரும்பியிருந்தார். கால்கள் நேர், இரண்டிலும் ஒரே பாரம். உதட்டில், நான் பத்தொன்பது வருடமாகச் சாந்தகுணம் என்று நினைத்திருந்த அந்தச் சிரிப்பு. மைதானத்தில் ஜீப்பைப் பார்த்து நின்றவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தலையை அசைக்காமல் நின்றேன்.