காடாம்புலியூருக்கு வந்த பீச் ரிசார்ட்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, கடலூர் தாழங்குடா கடற்கரையில் இருந்த நீலமுத்து பீச் ரிசார்ட், கடலிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் மேற்கே, காடாம்புலியூர் சுப்பராயலுவின் முந்திரித் தோப்பில் இருந்தது. ஆறு குடில்களும் வரவேற்பறையும் சமையல்கட்டும் முற்றத்து மணலும் அதனதன் இடத்தில் இருந்தன. இரண்டு கண்ணாடி டம்ளர் மட்டும் உடைந்திருந்தது. உள்ளே இருந்த ஒரே ஆள் சமையல்கார அமராவதி. ராத்திரி கொஞ்சம் ஆடியது, தூக்கம் கலையவில்லை என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அன்றைக்குப் பண்ருட்டி வட்டாரம் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்ததால் பலாக்கட்டை விலை பாதியாக இறங்கியது. ஊரில் இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

சுப்பராயலு சந்தேகத்தில் பழுத்த மனிதர். தன் நிழல் முன்னால் விழுந்தால்கூட, இது எதற்கு முந்துகிறது என்று நின்று பார்ப்பார் என ஊரில் கேலி பேசுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. சித்தப்பா மகன் உழும்போதெல்லாம் வரப்போரம் ஒரு சால் கூடுதலாக ஓட்டி ஓட்டி, இருபது வருஷத்தில் அவருடைய ஏழு சென்ட்டைத் தின்று ஏப்பம் விட்டிருந்தான். நிலம் திருடுகிறவன் ஓடி வர மாட்டான், ஊர்ந்துதான் வருவான் என்பது அதில் அவர் கற்ற பாடம். மிச்சம் இருந்தது இரண்டு காணி, அதில் அறுபது முந்திரி. புயல் நாற்பதைச் சாய்த்து, சாய்ந்த இடத்தில் ரிசார்ட்டை வைத்துவிட்டுப் போயிருந்தது. கிழக்கே தப்பி நின்ற இருபது மரம்தான் இனி அவருக்கும் மனைவி பட்டம்மாளுக்கும் சோறு.

மூன்றாம் நாள் பாதை திறந்ததும் ரிசார்ட்டின் சொந்தக்காரர் அப்துல் ஹக் வந்து சேர்ந்தார். ஷார்ஜாவில் பத்தொன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக வெந்து, அந்த வேர்வையெல்லாம் சேர்த்துக் கட்டிய ஆறு குடில்கள். அவருக்கு வேறு சொத்து கிடையாது. வாசலைக் கண்டதும் அழுதார். கண்ணைத் துடைத்ததும் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"யாருங்க இத இங்க கொண்டாந்தது?"

"அத நான் கேக்கணும்யா," என்றார் சுப்பராயலு. "எடம் என்னுது, கட்டடம் உன்னுது. யாரு யாரு எடத்துக்கு வந்துருக்கா, நீயே சொல்லு."

கிராம அலுவலர் வந்து சுற்றிப் பார்த்தார். மரம் விழுந்ததற்குப் படிவம் இருக்கிறது, கூரை பறந்ததற்குப் படிவம் இருக்கிறது, கட்டடம் வந்ததற்குப் படிவம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஹக் இடிக்கவும் மனசில்லாமல், தூக்கவும் வழியில்லாமல், முதல் குடிலிலேயே தங்கிவிட்டார். சுவருக்குள்ளிருந்து அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்கு முற்றத்து மணல் ஈரமானது. பட்டம்மாள் அதில் ஒரு பிடி அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புதான் என்றாள்.

சுப்பராயலு அன்றைக்கே ரிசார்ட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு சவுக்கு முளையை அடித்தார். அடுத்த நாள் முளை ஒரு முழம் உள்ளே போயிருந்தது. அதாவது ரிசார்ட் ஒரு முழம் கிழக்கே வந்திருந்தது. மறுபடி அடித்தார், மறுபடி ஒரு முழம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஊர் கண்ணயரும் நேரத்தில்தான் அது நகர்ந்தது. சித்தப்பா மகனாவது வருஷத்துக்கு ஒரு சால், இது நாளைக்கு ஒரு முழம் என்று சுப்பராயலுவுக்கு வயிறு எரிந்தது. ஹக்கின் சட்டையைப் பிடித்தார். ஹக், "அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது மாமா, நான் தூங்கிட்டிருந்தேன்," என்றார். திருடனும் அதைத்தான் சொல்வான் என்று சுப்பராயலு திருப்பிச் சொன்னார்.

முதல் முளை அடித்த பதினெட்டாம் நாள், கிழக்கு ஓரம் நெடுக கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். ரிசார்ட் கம்பியில் வந்து முட்டி நின்றது. அதன் பிறகுதான் அதற்கு நோய் கண்டது. சுவர்களில் விரிசல் ஓடியது. கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த மறுத்தன. அலைச் சத்தம் இழுப்புக்காரரின் மூச்சுப்போல விட்டுவிட்டு வந்தது. முற்றத்து மணலோடு வந்திருந்த நண்டுகள் எல்லாம் கம்பியோரம் வந்து கிழக்குப் பார்த்து வரிசையாக நின்றன, தீனி போட்டாலும் திரும்பவில்லை. மூன்றாம் குடில் ஒரு பக்கம் சாய்ந்த அன்று ஹக் சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவைத்தார். நடிக்கிறான் என்றார் சுப்பராயலு. சொன்னாரே தவிர, அன்று அவருக்கும் இறங்கவில்லை.

உண்மையைக் கண்டது பட்டம்மாள். சுள்ளி பொறுக்க மேற்கே போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, மேக்கால ஓரத்துல ஒரு நாளாவது போய்ப் பாத்தீங்களா?"

"அங்க இன்னா இருக்குது? என் மரமெல்லாம் கெழக்காலதான கீது."

"போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். மேற்கே பதினெட்டு முழம் நிலம் காலியாகக் கிடந்தது. பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ரிசார்ட் முன்னால் எடுத்ததை எல்லாம் பின்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறது. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நிலத்தைக் காக்கிற பதற்றத்தில் மரம் இருந்த பக்கத்திலேயே முளையை அடித்துக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவர் மண்ணைத் தின்ன வரவில்லை. வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வழியில் நின்று மறித்தவர் அவர். அறுபத்திரண்டு வயசில் முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே கட்டிங் பிளேயரோடு போய்க் கம்பியை அறுத்தார். மறுநாள் மதியம் ரிசார்ட், அடைபட்டுக் கிடந்த வேகத்தில், உடம்பை ஒடுக்கிக்கொண்டு, இருபது மரத்தில் ஒன்றின் கிளையைக்கூட உரசாமல் தோப்பைக் கடந்து போனது. எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பதுதான் இருந்தது. ஒரு முந்திரி அதன் முற்றத்தில் நின்றுகொண்டு கூடவே போய்க்கொண்டிருந்தது.

"இப்ப இன்னா சொல்றே?" என்று சுப்பராயலு ஹக்கைப் பார்த்தார்.

"மரம் உங்களுதுதான் மாமா. கூட வந்து பாத்துக்குங்க."

அதன் பிறகு மூன்று வருஷம். உடம்பு தேறத் தேற ரிசார்ட் நாளைக்கு நூறடி நடந்தது. விரிசல்கள் தாமாக மூடிக்கொண்டன. மரத்தைக் காவல் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சுப்பராயலு அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு ஊரிலும் நிலத்துக்காரர்கள் கத்தியும் கம்புமாக நின்றார்கள். சந்தேகக்காரனிடம் பேச சந்தேகக்காரனால்தான் முடியும். அவர்கள் கேட்கப் போவதை எல்லாம் அவர் தன் வாயாலேயே கேட்டு முடித்தவர். சத்தியம் எதுவும் செய்யவில்லை. முன்னால் ஒரு முளை, பின்னால் ஒரு முளை அடித்து, இரண்டையும் நீங்களே பாருங்கள் என்றார். பண்ருட்டியில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. நெல்லிக்குப்பத்தில் கரும்பு சாயாமல் விலகிக்கொண்டது. கெடிலம் ஆற்றுக்குள் ரிசார்ட் நான்கு நாள் நின்றது. அந்த நான்கு நாளும் அறைகள் நிரம்பி வழிந்தன. தங்க வருகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து, இந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அமராவதி அந்தந்த ஊர்க் காய்கறியை வாங்கிச் சமைத்தார்.

ஒரு மாசி மாதம் வெள்ளிக்கிழமை, ஹக் ஜும்மா தொழுதுவிட்டுத் திரும்பியபோது, நீலமுத்து ரிசார்ட் தாழங்குடாவில் தன் பழைய கடைக்காலில் உட்கார்ந்திருந்தது. சுவருக்குள் கேட்டுக்கொண்டிருந்த அலை வெளியே போய்விட்டது. நண்டுகள் இறங்கிப் போயின. சுப்பராயலு கிழக்கே ஒரு முளையும் மேற்கே ஒரு முளையும் அடித்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தார். இரண்டும் அசையவில்லை. முந்திரியைத் தொட்டுப் பார்த்தார், பூத்திருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் அழுதார். மரம் இங்கேயே இருக்கட்டும் என்று ஹக்கிடம் சொன்னார்.

பஸ்ஸுக்குக் கிளம்பியவர் கடலைப் பார்த்ததும் நின்றார். அலை வந்து தொடும் இடத்தில் ஒரு முளையை அடித்தார். மறுநாள் முளை ஒரு முழம் தண்ணீருக்குள் இருந்தது. முன்பென்றால் கூச்சல் போட்டிருப்பார். இப்போது நிதானமாக ஹக்கைக் கூப்பிட்டார்.

"இதுக்கு அந்தாண்ட கரை எது?"

"பர்மா மாமா."

"அங்க உனுக்குத் தெரிஞ்சவன் எவனாவது கீறானா?"

ரங்கூனில் ஹக்கின் பாட்டனார் வழிச் சொந்தம் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஏன் எதற்கு என்று கேட்காமல், பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய் முளை அடித்து, மறுநாள் படம் அனுப்பினார். அங்கே கடல் ஒரு முழம் உள்வாங்கியிருந்தது. சுப்பராயலு அந்தப் படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கடல் இதுவரைக்கும் யோக்கியமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, பண்ருட்டி பஸ் ஏறினார். அந்தச் சொந்தக்காரரிடமிருந்து இன்றும் மாதம் ஒரு படம் வருகிறது.