பத்து மணிக் கூட்டம்

தர்ஷினி ஹரீஷ்குமாரின் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தபோது, அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

"போன்ல ஒரு டைம் காட்டுது, லேப்டாப்ல ஒரு டைம் காட்டுது. யுவஸ்ரீ போடற மீட்டிங் பாதி வர்றதே இல்ல. இதுக்கு ஒரு ஐ.டி டிபார்ட்மெண்ட் வேற!"

"பாக்கறேன் சார்."

ஓசூர் சிப்காட்டில் அந்தத் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் அவன். யுவஸ்ரீ அவன் உதவியாளர். அவன் காலண்டரில் கூட்டங்களைப் போடவும் மாற்றவும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தான். கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. போன மாதம் ஜெர்மனி போய் வந்தவன் மடிக்கணினியை இந்திய நேரத்துக்குத் திருப்பவே இல்லை. போதாததற்கு, பழைய நகல் ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டு புதிதாக வருவதை மறித்தது. தர்ஷினி நேரத்தைத் திருத்தினாள். பழைய நகலை அழித்தாள். யுவஸ்ரீயின் அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். கலைந்து கிடந்த கூட்டங்களெல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"பிரஸ் ஷாப் வரைக்கும் போயிட்டு வர்றேன். முடிச்சு வைங்க" என்று அவன் கிளம்பிப் போனான்.

பிரஸ் ஷாப் என்ற சொல் அவன் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது! அங்கேதான் அவள் அப்பா திம்மராயன் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தார். அழுத்தும் இயந்திரத்தில் அவர் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. பாதுகாப்புத் தடுப்பு பழுதென்று அவர் ஏற்கெனவே சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தார். விசாரணைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லிப் போனில் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வாசலிலேயே உட்காரவைத்தார்கள். உள்ளே விசாரணை ஒன்பதுக்கே முடிந்திருந்தது. 'தொழிலாளி ஆஜராகவில்லை, அவருடைய கவனக்குறைவே காரணம்' என்று முடிவெழுதிக் கையெழுத்துப் போட்டவன் ஹரீஷ்குமார்.

"பத்துன்னுதானே பாப்பா சொன்னாங்க? நானு அதுக்கு முன்னாடியே கேட்டாண்ட நின்னுன்னு இருந்தேனே" என்று அப்பா வெகுநாள் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அவர் விட்டதை அவள் எடுத்துக்கொண்டாள். வெளி நிறுவனம் ஒன்றின் மூலமாக இதே தொழிற்சாலைக்குக் கணினி வேலைக்கு வந்து சேர்ந்தபோது, அவள் யார் மகளென்று எவரும் கேட்கவில்லை.

திரையில் அடுத்த திங்கட்கிழமை தெரிந்தது. பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தோடு காணொளி நேர்காணல். தொழிற்சாலைத் தலைவர் பதவிக்கு. அவன் பெயர் அடிபடுவதாகக் கேன்டீன் வரைக்கும் பேச்சிருந்தது. தர்ஷினி அந்தக் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தாள். பிடித்து ஒரு மணி நேரம் கீழே இழுத்து விட்டாள். கூட்டத்துக்கு அழைத்தவர்களுக்கு இது போகாது. மாறியது அவன் பக்கம் மட்டும்தான்.

திரும்பி வந்தவன் போனையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தான். இத்தனை நாள் குழம்பிக் கிடந்ததில் எது சரியான நேரமென்று அவனுக்கே நினைவில்லை; இப்போது இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. "ம், இப்ப சரி" என்றான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, புது டையைச் சரிசெய்துகொண்டு அவன் கேமராவைப் போட்டபோது எதிரே யாருமில்லை. போன் செய்து கேட்டான். காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். இவ்வளவு பெரிய விஷயத்துக்கே நேரத்துக்கு வராதவரை எப்படி நம்புவது என்று இயக்குநர் ஒருவர் கேட்டாராம்.

கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் தர்ஷினி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் வெளுப்பதைப் பார்க்கப் பார்க்கத் தொண்டையில் தேநீர் தித்தித்தது. பத்துக்கு ஒருவன் வாசலில் உட்கார்ந்திருக்க, ஒன்பதுக்கே எழுதி முடித்தாயே. இப்போது தெரிகிறதா?

அந்தத் தித்திப்பு நிலைக்கவில்லை. அறைக்குள்ளிருந்து கத்தல் கேட்டது. "என் காலண்டர்ல உன்னத் தவிர யாரு கை வெக்க முடியும்? சொல்லு! யார் குடுத்த காசுக்கு இத செஞ்ச?" யுவஸ்ரீ முகத்தைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, இன்னியோட நின்னுக்கச் சொல்லிட்டாரு. நானு தொடவே இல்லக்கா. சத்தியமா தொடல."

தர்ஷினி பேசாமலிருந்தால் போதும். அவன் மடிக்கணினியில், அவன் பெயரிலேயே நடந்த காரியம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தபோது, அப்பா மேல் போட்டதுபோலவே, தர்ஷினி செய்ததன் பழியையும் இவன் சர்வசாதாரணமாக இன்னொரு எளியவள் தலையில் போட்டுவிட்டானே என்று தோன்றியது. இன்னொன்றும் இருந்தது. அடித்தது யாரென்று தெரியாமலே அவன் வலியை ஆற்றிக்கொண்டுவிடுவான். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

எழுந்து உள்ளே போனாள்.

"அந்த மீட்டிங்க நகத்துனது நான்தான் சார். யுவஸ்ரீ இல்ல. காலண்டர் சரி பண்ண வந்தன்னிக்கு உங்க லேப்டாப்லயே நகத்துனேன்."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "பைத்தியமா உனக்கு? ஏன்?"

"பிரஸ் ஷாப் திம்மராயன் மக நான்."

எத்தனையோ இரவுகள் அவள் இந்த இடத்தை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். அவன் திடுக்கிடுவான், தலை குனிவான், இல்லை மழுப்புவான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

ஹரீஷ்குமார் புருவத்தைச் சுருக்கினான். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தான்.

"எந்தத் திம்மராயன்?"

அவன் செக்யூரிட்டிக்குப் போன் போட்டான். அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். ஆட்கள் வந்து வெளியேற்றும் வரை யார் காலண்டரையும் திறக்க ஐ.டி ஆளாக அவளுக்கிருந்த அனுமதி அப்படியேதான் இருக்கும். அவன் காலண்டருக்குள் நுழைந்து புதிதாக ஒரு கூட்டத்தைப் போட்டாள். தலைப்பு: 'திம்மராயன், பிரஸ் ஷாப், வலது கை.' தினமும். தொடக்கம், இப்போதே. முடிவுத் தேதி கேட்ட இடத்தில் 'இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

செக்யூரிட்டி வந்து, "கெளம்புமா" என்றார் தயக்கத்தோடு. கைப்பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஹரீஷ்குமார் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான். அவன் திரையின் மூலையில் காலண்டர் நினைவூட்டலாகச் சிறிய பெட்டி ஒன்று எழும்பியது. அவன் பேச்சு பாதியில் நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்தான். மறுமுனையில் யாரோ "ஹலோ, ஹலோ" என்பது திறந்திருந்த கதவு வழியே மெல்லியதாகக் கேட்டது.